மூக்கு காட்டிக்கொடுத்துவிட்டது

அன்பு நண்பா,

உன் கடிதமும், உள்ளே மடித்து வைத்திருந்த பேரன் படமும் வந்து சேர்ந்தன. இத்தனை வருஷம் கழித்துப் பென்சிலைக் கையில் எடுத்திருக்கிறாய், ரொம்பச் சந்தோஷம். படம் நன்றாகவே வந்திருக்கிறது. ஆனால் போட்டோவைப் பார்த்துத்தானே வரைந்தாய்? மூக்கு காட்டிக்கொடுத்துவிட்டது. செல்போனை முகத்துக்குக் கிட்டே வைத்து எடுத்தால் மூக்கு பெருத்து, காது பின்னால் போய்விடும். நீயும் போன் சொன்னதை அப்படியே நம்பிவிட்டாய். நாலைந்து அடி தள்ளி உட்கார்ந்து பையனையே பார்த்து வரைந்திருந்தால் அந்த மூக்கு வந்திருக்காது.

இங்கே என் சங்கதி, கண்ணாடி மாறியிருக்கிறது. ஆளைப் பார்க்க மேல்பாதி, தாளைப் பார்க்கக் கீழ்பாதி. தலையை ஆட்டிக்கொண்டே வரைகிறேன். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள், தாங்கள் சொல்வதற்கெல்லாம் நான் ஆமாம் போடுவதாக நினைத்துக்கொண்டு இன்னும் உற்சாகமாகப் பேசுகிறார்கள். அதுவும் நல்லதுதான். வரைகிறோம் என்று தெரிந்ததும் மனிதர்கள் விறைத்துப்போகிறார்கள். பேச்சு வந்தால்தான் தோள் இறங்கும். வாயை மட்டும் கடைசியில் வரைந்துகொள்கிறேன்.

இப்போது அதிகமாக வரைவது எங்கள் நாயைத்தான். பாதி வரைவதற்குள் எழுந்து போய்விடும். அதனால் ஒரே தாளில் நாலைந்து படம் ஆரம்பித்து வைக்கிறேன். தலையைத் திருப்பினால் பக்கத்தில் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் பழையபடியே வந்து படுக்கும், அப்போது விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எந்தப் பிராணிக்கும் உட்கார, படுக்கப் பிடித்தமான விதம் நாலைந்துதான் போலிருக்கிறது. நமக்கும்தான், யோசித்துப் பார்.

நாயின் பின்னங்காலைக் கவனித்திருக்கிறாயா? பின்பக்கமாக மடங்கியிருப்பது முட்டி இல்லை, குதிகால். முட்டி மேலே, வயிற்றை ஒட்டி இருக்கிறது. நம்மைப் போல அது பாதத்தை முழுக்க ஊன்றி நடப்பதில்லை, விரல்களில் நடக்கிறது. இது புரிந்த பிறகுதான் உட்கார்ந்திருக்கும் நாய் என் தாளில் கவிழாமல் உட்கார்ந்தது.

ஜெர்மன் ஓவியர் டியூரர் 1515-இல் செய்த காண்டாமிருகப் படம் நினைவிருக்கும். அவர் அந்த மிருகத்தைப் பார்த்ததே இல்லை. யாரோ எழுதி அனுப்பியதையும் ஒரு கோட்டுப் படத்தையும் வைத்துக்கொண்டு, உடம்பெல்லாம் போர்க்கவசம் மாட்டி, முதுகில் இல்லாத ஒரு குட்டிக் கொம்பையும் முளைக்க வைத்துவிட்டார். ஐரோப்பா இருநூறு வருஷத்துக்கு மேல் அதைத்தான் காண்டாமிருகம் என்று நம்பியது. அதே மனிதர் 1502-இல் வரைந்த முயலைப் பக்கத்தில் வைத்துப் பார். ரோமம் இடத்துக்கு இடம் வேறு வேறு திசையில் படிந்திருக்கும், கண்ணுக்குள் ஜன்னல் தெரியும். காண்டாமிருகம்தான் பேர் வாங்கியது. என் ஓட்டு முயலுக்கு.

நீ கேட்டிருந்தாயே, சாயல் எங்கிருந்து வருகிறது என்று. கண்ணில் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தெருக்கோடியில் நீ வந்தால், கண்ணும் மூக்கும் தெரிவதற்கு முன்பே நீதான் என்று எனக்குத் தெரிந்துவிடும். கழுத்து முன்னால் தள்ளியிருக்கிற விதம், ஒரு தோள் தாழ்ந்திருப்பது, மொத்தத் தலையின் வடிவம், இவைதான் முதலில் தாளில் வரவேண்டும். அப்புறம் கண். அதையும் ஞாபகமாகத் தலை உயரத்தின் நடுவில் வை. உன் படத்தில் வழக்கம்போல மேலே ஏறி, பையனுக்கு நெற்றியே இல்லாமல் போய்விட்டது.

சரி, பேரன் ஒரு இடத்தில் உட்காரமாட்டான் என்று சொல்லப்போகிறாய். உட்கார வைக்காதே. அவன் விளையாடட்டும், நாய்க்குச் செய்கிற மாதிரி ஒரே தாளில் நாலைந்து ஆரம்பி. பாதியில் நின்றதையும் கிழிக்காமல் அடுத்த கடிதத்தோடு அனுப்பு. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது, அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே?

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்