திருநெல்வேலிச் சந்தியில் எண்ணும்போது

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கு எல்லோரும் சுகம். மகளுக்குச் சம்பந்தம் சரிவந்துவிட்டது, தை பிறக்க நாள் வைப்பதாக இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் நோ மட்டும் குறைந்தபாடில்லை.

போனில் கூகிள் மப்பைப் பார்த்தால் ஆஸ்பத்திரி வீதி எந்த நேரமும் சிவப்பாகக் கிடக்கிறது, யாழ்ப்பாணத்தில் அவ்வளவு வாகனமா என்று கேட்டிருந்தாய். அந்தச் சிவப்புக் கோடு வாகனங்களை எண்ணிப் போடுவதல்ல மச்சான். வீதியால் போகிறவர்களின் போன்கள் என்ன வேகத்தில் நகர்கின்றன என்று பார்த்துக் கணிப்பது. 2020 இல் பெர்லினில் ஒரு கலைஞர் 99 பழைய போன்களைச் சிறு வண்டிலில் போட்டு இழுத்துக்கொண்டு நடக்க, வெறிச்சோடிக் கிடந்த வீதி மப்பில் சிவந்துபோனது. வேகம் குறைந்ததை மப் சொல்லும். ஏன் குறைந்தது என்று சொல்லாது. எங்களுக்கு வேண்டியது அந்த 'ஏன்'தான்.

அதனால்தான் கம்பஸ் பெடியள் சிலரோடு சேர்ந்து எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தியில் நின்று வாகனங்களை எண்ணத் தொடங்கினேன். பலாலி வீதியும் ஆடியபாதம் வீதியும் வெட்டும் இடம், பக்கத்திலேயே சந்தை. உனக்குச் சொல்லத் தேவையில்லை. 15 நிமிடத்துக்கு ஒரு தாள். பஸ், லொறி, கார், ஓட்டோ, மோட்டார் சைக்கிள், சைக்கிள் என்று தனித்தனிக் கட்டம். நாலு வாகனத்துக்கு நாலு கோடு, ஐந்தாவதுக்குக் குறுக்கே ஒன்று. பிறகு எல்லாவற்றையும் கார்க் கணக்குக்கு மாற்றுவோம். வீதியை அடைப்பதில் கார் ஒன்றென்றால் பஸ் இரண்டு மூன்றுக்குச் சமம், மோட்டார் சைக்கிள் பாதியும் வராது. மோட்டார் சைக்கிள் இவ்வளவு ஓடுகிற ஊரில் தலையை மட்டும் எண்ணினால் கணக்குப் பிழைத்துவிடும்.

எண்ணும்போது ஒன்று பளிச்சென்று தெரிந்தது. சந்தியை ஒட்டி ஒரு மினிபஸ் ஆள் ஏற்ற நிற்கும். அதே நேரம் மரக்கறி இறக்க ஒரு லொறி ஓரம் கட்டும். பின்னால் ஹோன் சத்தம் காதைப் பிளக்கும். ஆனால் எங்கள் தாளில் எண்ணிக்கை குறைந்திருக்கும்! நெரிசல் இறுக இறுகச் சந்தியைக் கடக்கிற வாகனம் குறைகிறது. தாளை மட்டும் பார்க்கிறவர் அந்த 15 நிமிடமும் வீதி காற்றாடியது என்றல்லவா நினைப்பார்? இப்போது ஒரு பெடியனின் வேலை வரிசையின் வால் எதுவரை நீளுகிறது என்று பார்த்து எழுதுவது மட்டும்தான். இன்னொருவன் எது, எங்கே, எவ்வளவு நேரம் நின்றது என்று குறிக்கிறான். என் மனதில் பட்டதைச் சொல்கிறேன், ஓடுகிற வாகனத்தைவிட நிற்கிற வாகனம்தான் எங்கள் ஊரை இறுக்குகிறது. வீதியை அகட்டினாலும் அகட்டிய இடத்தில் வாகனத்தை விட்டுவிட்டுக் கடைக்குள் போவார்கள். பஸ் நிற்கும் இடத்தைச் சந்தியிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போட்டாலே பாதித் தொல்லை தீரும்.

ஆஸ்பத்திரி வீதிதான் எனக்குப் பெரிய கவலை. பெரியாஸ்பத்திரியும் பஸ் நிலையமும் கிட்டக் கிட்ட. வடக்கு முழுவதிலுமிருந்து கடும் நோயாளரை அங்கேதான் கொண்டு வருகிறார்கள். பள்ளிக்கூடம் விடுகிற ஒன்றரை மணிக்கு அம்புலன்ஸ் ஒன்று விலத்த இடமில்லாமல் கத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அங்கே எண்ணுவதென்றால் அம்புலன்ஸ் கடக்க எடுக்கும் நேரத்தைத்தான் முதலில் எழுத வேண்டும்.

உங்கள் நாடுகளில் வீதிக்கு அடியில் கம்பிச் சுருள் புதைத்து, மேலே வாகனம் வந்தால் அறிந்து, சிக்னல் நேரத்தையே மாற்றுகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் சந்தி வாயில் பஸ் நிற்கும்வரை பச்சை விளக்கு எரிந்தும் பயனில்லை.

சரி, உன்னிடம் ஒரு உதவி. உன் மூத்தவன் கமராப் படத்திலிருந்து வாகனம் எண்ணும் வேலைதானே செய்கிறான்? சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் பிழையில்லாமல் பிரிக்கிற, காசில்லாத மென்பொருள் ஏதும் இருந்தால் கேட்டு எழுது. நல்லூர்த் திருவிழாவுக்கு வீதி மறிக்க முன்னம் கிடைத்தால், மறிக்க முதலும் பிறகும் படம் எடுத்து ஒப்பிடலாம். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்