நாகர்கோவில் நிருபரைத் திரும்பக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாகர்கோவிலில் நிருபராகத் தொடங்கிய நீங்கள் சென்னையில் தலைமை ஆசிரியரானதில் எங்கள் கரைக்காரர்களுக்கு உண்மையிலேயே பெருமை. அந்த மகிழ்ச்சி அடங்குமுன்பே, நீங்கள் வகித்த அதே நிருபர் பணியிடத்தை எடுத்துவிட்டார்கள். இனி திருநெல்வேலியில் இருப்பவரே எங்களையும் பார்த்துக்கொள்வாராம். குமரி மாவட்டக் கரையில் நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை எத்தனை ஊர் என்று உங்களுக்குத் தெரியாததா?

போன வாரம் எங்கள் ஊர் விசைப்படகு ஒன்று சொன்ன நாளில் கரை சேரவில்லை. போனவர்கள் பத்திரமாகத் திரும்பும்வரை உங்கள் நாளிதழில் ஒரு வரிகூட இல்லை.

2017 நவம்பர் 30-ஐ நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒக்கி புயல் அடித்தபோது, பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போயிருந்த எங்கள் ஆட்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. கரையிலிருந்து பேசும் வயர்லெஸ் அவ்வளவு தூரம் எடுக்காது. பிறகு, அரசு சொன்ன எண்ணிக்கை ஒன்று, எங்கள் தேவாலயப் பங்குகளில் எழுதிவைத்த பட்டியல் வேறு. மகனைக் காணாத தாய், அவன் பெயர் கணக்கிலாவது இருக்கிறதா என்று கேட்டு அலைய வேண்டியிருந்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று வீடு வீடாக ஏறி, யார் எந்தப் படகில் போனார் என்று கேட்டு எழுத ஊரறிந்த நிருபர்தான் வேண்டும். திருநெல்வேலியிலிருந்து போனில் கேட்டால் அரசுக் கணக்கு மட்டும்தான் கிடைக்கும். டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கானோர் குழித்துறையில் ரயிலை மறித்தது, எங்கள் குரல் யார் காதிலாவது விழட்டும் என்றுதான்.

இங்கே மிஞ்சியிருக்கும் பகுதி நேர நிருபருக்கு அச்சான செய்திக்கு மட்டும்தான் பணம். பெட்ரோல் அவர் கைக்காசு. அவரைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. ஆனால் சென்னையில் ஒரு தெருவில் தண்ணீர் தேங்கினால் முதல் பக்கத்தில் படம் வருகிறது; இங்கே படகைக் காணோம் என்றால் மாவட்டப் பக்கத்தில்கூட இடமில்லை. இது என்ன நியாயம், ஐயா?

திவானை எதிர்த்து எழுதிய ஆசிரியர் சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளையை 1910-ல் திருவிதாங்கூர் அரசு நாடு கடத்தியது எங்கள் ஆரல்வாய்மொழி வழியாகத்தான். பத்திரிகை எழுத்தின் மதிப்பை அறிந்த மண் இது.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: நாகர்கோவிலுக்கு முழுநேர நிருபர். மேற்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஜூலை 31-ல் முடியும். படகுகள் மறுபடி ஆழ்கடலுக்கு இறங்கும். அதற்குள் ஒருவரை நியமிக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தூத்தூர் வட்டார வாசகர்கள் சார்பில் ஒருவர்