காய்ச்சலை ஏன் மறைத்தீர்கள்? தமிழ்ப் பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர், செயலாளர், நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

லண்டன் குளிரில் சனிக்கிழமை தூக்கத்தை விட்டு, சம்பளம் வாங்காமல் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறீர்கள். அந்த நன்றியை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் ஒரு கேள்வி. பாலர் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு ஸ்கார்லெட் காய்ச்சல் என்ற தொற்றுநோய் வந்தது தெரிந்தும், மற்றப் பெற்றோருக்கு ஏன் சொல்லவில்லை?

பொங்கல் விழா ஒத்திகை நேரம், சொன்னால் ஒருவரும் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள் என்று பேசிக்கொண்டீர்களாம். சரி, விழா நன்றாகவே நடந்தது. அடுத்த வாரம் அதே வகுப்பில் இன்னும் சிலர் படுத்துவிட்டார்கள். என் மகளும் அதில் ஒருத்தி.

காய்ச்சல், தொண்டை வலி, வாந்தி. மருத்துவ நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தால், "உடம்பு சிவந்திருக்கிறதா?" என்றார்கள். எங்கள் பிள்ளையின் நிறத்தில் எந்தச் சிவப்பைத் தேடுவது? படம் அனுப்பச் சொன்னார்கள். அதிலும் ஒன்றும் தெரியவில்லை. வகுப்பில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டார்கள். அப்படி ஒன்றும் கேள்விப்படவில்லை என்றோம். உங்களுக்குத் தெரிந்திருந்தது. பாராசிட்டமோல் கொடுத்துப் பார்க்கச் சொல்லி வைத்துவிட்டார்கள்.

இரவில் உடம்பு துடைத்துவிட்ட அம்மம்மாதான், "என்னடி இது, வயிறெல்லாம் உப்புத்தாள் மாதிரிக் கிடக்கு" என்றார். அதுதான் அடையாளம். வெள்ளைத் தோலில் கண்ணுக்குத் தெரிவது நம் தோலில் கைக்குத்தான் பிடிபடும். நாக்கில் வெள்ளைப் படிவு உரிந்து, சிவந்து, புள்ளி புள்ளியாகத் தடித்திருந்தது. மறுநாள் நேரில் பார்த்த மருத்துவர் உடனே பெனிசிலின் எழுதினார்.

ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் வேலை இது. தொண்டைப்புண் தருகிற அதே கிருமி நச்சும் சுரந்தால் உடம்பில் இந்தத் தடிப்பு வரும். இருமலில், தும்மலில், ஒரே குவளையில் தண்ணீர் குடிப்பதில் பரவும். பெரும்பாலும் 2 முதல் 5 நாளில் வெளியே காட்டும். மருந்தில்லாமல் விட்டால் 2, 3 வாரம்கூடப் பிள்ளை மற்றவர்களுக்குத் தொற்றவைக்கலாம். பெனிசிலினை 10 நாளும் முடிக்க வேண்டும், ஆனால் தொடங்கி 24 மணி நேரம் போய், பிள்ளையும் தெளிந்துவிட்டால் பள்ளிக்கு வரலாம். வெள்ளிக்கிழமை காலை முதல் வேளை மருந்து குடித்த பிள்ளை சனிக்கிழமை கோலாட்டத்துக்கே வந்திருக்கலாம். இதையா மறைத்தீர்கள்?

2022 டிசம்பரை மறந்திருக்க மாட்டீர்கள். வழக்கமாகக் குளிர்காலக் கடைசியில் ஏறுகிற எண்ணிக்கை அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முன்பே எகிறியது. அதே கிருமி ரத்தத்துக்குள்ளும் நுரையீரலுக்குள்ளும் இறங்கி, இங்கிலாந்தில் குழந்தைகள் செத்தார்கள். பெனிசிலின் திரவத்துக்காகப் பார்மசி பார்மசியாகப் பெற்றோர் அலைந்தார்கள். அந்த வரிசைகளில் உங்களில் சிலரும் நின்றீர்கள்.

மருத்துவர் சட்டப்படி, நோய்ப் பரவலைக் கவனிக்கும் அரசின் சுகாதாரப் பாதுகாப்புக் குழுவுக்கு அறிவிப்பார்தான். அவர்கள் விசாரிப்பது பிள்ளை திங்கள் முதல் வெள்ளி வரை போகும் பள்ளியை. சனிக்கிழமை அந்தப் பிள்ளை எங்கே, யார் பக்கத்தில் உட்காருகிறது என்று நாம் சொன்னால்தானே தெரியும்?

கட்டணம் பாக்கி என்றால் ஐந்து நிமிடத்தில் வாட்ஸ்அப் செய்தி வருகிறது. அதிர்ஷ்டச் சீட்டு, பிரதம விருந்தினர் வருகை, பொன்னாடைப் படங்கள், எதற்கும் குறைவில்லை. நூறு சதவீத வருகைக்குக் கேடயம் வேறு. அதற்காகவே காலையில் காய்ச்சலை அடக்க 'கல்போல்' என்ற பாராசிட்டமோல் மருந்தைக் கொடுத்துப் பிள்ளையைக் கொண்டுவந்து இறக்குகிற பெற்றோரும் இருக்கிறார்கள். நம் ஊரில் அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள், தெருவுக்கே தெரிந்துவிடும். இங்கே வந்து இவ்வளவு படித்த பிறகுதான் நோயை மூடி வைக்கப் பழகியிருக்கிறோம். அந்த அம்மையோடு, அதாவது சிக்கன்பாக்ஸோடு, இந்தக் கிருமியும் சேர்ந்தால் ஆபத்து கூடும் என்பதாவது உங்கள் நிர்வாகக் குழுவில் யாருக்காவது தெரியுமா?

மன்னிக்கவும், கோபம் எங்கோ இழுத்துக்கொண்டு போய்விட்டது. நான் கேட்பது பெரிய காரியமில்லை. ஒரு பிள்ளைக்கு இந்தக் காய்ச்சல் என்று தெரிந்தால் அன்றைக்கே அந்த வகுப்புப் பெற்றோருக்குச் சொல்லுங்கள். பிள்ளையின் பெயர் வேண்டாம், வகுப்பும் நாளும் போதும். "சிவப்பைத் தேடாதீர்கள், நெஞ்சையும் வயிற்றையும் தடவிப் பாருங்கள்" என்று ஒரு வரி சேருங்கள். 10 நாளுக்குள் இரண்டாவது பிள்ளைக்கும் வந்தால் சுகாதாரப் பாதுகாப்புக் குழுவை நீங்களே அழையுங்கள். கேடயத்தை இந்த ஆண்டோடு நிறுத்திவிடுங்கள்.

செய்தியை எழுதித் தர நான் தயார். வரும் சனிக்கிழமை வகுப்பு தொடங்குமுன் அது எல்லாப் பெற்றோர் கையிலும் இருக்கும்படி தயவுசெய்து பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பாலர் வகுப்புப் பெற்றோரில் ஒருவர்