கலியபெருமாளுக்கு: வயலை மாற்ற வேண்டாம்

திருச்சி

அன்புள்ள கலியா,

இங்கே எல்லாரும் நலம். சரசுவின் முட்டிவலி பரவாயில்லை. தங்கச்சியையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்.

பயிர்க் காப்பீட்டுக்காக ஊரில் நாலு வயலைக் குலுக்கி எடுத்து, அதில் ஒரு துண்டை அறுத்து எடை பார்க்கிறார்களே, அந்த அறுவடைப் பரிசோதனையைப் பற்றி நீ பேசி அனுப்பியது வந்ததிலிருந்து மனசு அதிலேயே இருக்கிறது. போனில் பேசினால் நீ கத்துவாய், நானும் கத்துவேன், பாதியில் தங்கச்சி போனைப் பிடுங்கிக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன். கோபப்படாமல் கடைசிவரை படி.

"நாலு வயலை அறுத்துப் பார்த்துட்டு தொள்ளாயிரம் ஏக்கருக்கும் இழப்பீடு கிடையாதுன்னு எழுதிட்டானுங்க" என்று சொன்னாய். உன் வயிற்றெரிச்சல் புரிகிறது. கடைமடையில் தண்ணீருக்கு மாரடிப்பது உனக்குத்தான் தெரியும். ஆனால் குற்றம் நாலு என்பதில் மட்டும் இல்லை. ஊர் தொள்ளாயிரம் ஏக்கராக இருந்தாலும் ஒன்பதாயிரம் ஏக்கராக இருந்தாலும், மாதிரி (சாம்பிள்) எவ்வளவு நம்பகமானது என்பது பெரும்பாலும் இரண்டு விஷயங்களில் நிற்கிறது: எத்தனை வயல் எடுத்தார்கள், வயலுக்கு வயல் விளைச்சல் எவ்வளவு மாறுகிறது. ஊரின் பரப்பு அதில் பெரிதாகக் குறுக்கே வராது. வகுப்பில் முப்பது வருஷம் சொல்லிப் பார்த்துவிட்டேன், பிள்ளைகள் லேசில் ஒப்புக்கொள்ளாத விஷயம் இதுதான்.

அதற்காக நாலு போதும் என்று சொல்லவில்லை. உங்கள் ஊரில் பாதி வாய்க்கால் தலைப்பு, பாதி கடைமடை. குலுக்கி எடுத்த நாலும் தலைப்பிலேயே விழுந்துவிட எவ்வளவு வாய்ப்பு? பதினாறில் ஒன்று. டெல்டாவில் இருக்கிற அத்தனை ஊரையும் நினைத்துப் பார். ஒவ்வொரு சம்பாவிலும் எங்கோ சில ஊர்களுக்கு இந்த அநியாயம் யாரும் தப்பு செய்யாமலே நடக்கும். தலைப்பைத் தனியாக, கடைமடையைத் தனியாகப் பிரித்து இரண்டிலும் குலுக்கி எடுத்தால் அது நடக்காது. அடுக்கு அடுக்காகப் பிரித்து மாதிரி எடுப்பது என்பது இதுதான். சங்கத்திலிருந்து கேட்க வேண்டிய முதல் கோரிக்கை அது. "நாலை நாற்பதாக்கு" என்று கேட்டால் ஆள் இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

அப்புறம் நீ போகிற போக்கில் ஒன்று சொன்னாய். குலுக்கலில் வந்த வயல்களில் இரண்டு காய்ந்து போய்க் கிடந்ததால், வந்தவர் "இதில் அறுக்க என்ன இருக்கு" என்று பக்கத்து வயலில் கயிறு கட்டினார் என்றாய். கலியா, நீ ஓரமாகச் சொன்ன இதுதான் மொத்த வழக்கும்!

கணக்கைப் பார். நல்ல இரண்டு வயலில் ஏக்கருக்கு 2,000 கிலோவும் 1,800 கிலோவும் என்று வை. காய்ந்த இரண்டிலும் பூஜ்யம். சராசரி 950. அந்த இரண்டையும் விட்டுவிட்டு, நன்றாக நிற்கிற பக்கத்து வயல்களில் வெட்டினால் சராசரி 1,900 ஆகிவிடும். அதே ஊர், அதே வருஷம், விளைச்சல் இரண்டு மடங்கு. யாரும் பணம் வாங்கவில்லை, யாரும் பொய் எழுதவில்லை. பயிர் நிற்கிற வயலை மட்டுமே அளந்தார்கள், அவ்வளவுதான். நட்ட வயல் காய்ந்திருந்தால் விளைச்சல் பூஜ்யம் என்றுதான் எழுத வேண்டும். காய்ந்ததை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை அளந்து ஊரே செழிப்பு என்று எழுதுவதை என்னால் பொறுக்க முடியவில்லை. இதைத் தட்டிக் கேட்கிற உரிமை உங்களுக்கு முழுசாக இருக்கிறது.

அறுவடை மெஷின் விஷயமும் இதே கதைதான். குலுக்கலில் வந்த வயலை ஆள் வருவதற்கு முன்னாலேயே அறுத்துவிடுகிறீர்கள். மெஷின் வாடகைக்குக் கிடைக்கிற அன்றைக்கு யார்தான் காத்திருப்பார்கள்? அப்போதும் வயல் மாறுகிறது. சீக்கிரம் அறுத்தவனுடைய விளைச்சல் ஒரு மாதிரி, கடைசியில் அறுப்பவனுடையது வேறு மாதிரி. மாறிப் போன வயல் எதைக் காட்டும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சரி, இப்போது உன் யோசனைக்கு வருகிறேன். "அடுத்த சம்பாவுக்கு நாமளே கூட்டிட்டுப் போயி மட்டமான வயலைக் காட்டிடலாம்" என்றாயே, நண்பனாகச் சொல்கிறேன், அதைச் செய்யாதே. அவர்கள் மாற்றினால் அநியாயம், நாம் மாற்றினால் நியாயமா? தர்மத்தை விட்டாலும் கணக்கே உங்களுக்கு எதிராகத் திரும்பும். விளைச்சல் இதற்குக் கீழே போனால்தான் இழப்பீடு என்று காப்பீட்டில் ஓர் உத்தரவாத விளைச்சல் இருக்கிறது. உங்கள் ஊருக்கு அது எப்படி வருகிறது? கடந்த ஏழு வருஷத்தில் நல்ல ஐந்து வருஷத்தின் சராசரியை எடுத்து, அதில் எழுபதோ எண்பதோ தொண்ணூறோ சதவீதம். வருஷா வருஷம் மட்டமான வயலைக் காட்டிக்கொண்டே வந்தால் அந்தச் சராசரி தானாக இறங்கும். பிறகு நிஜமாகவே பயிர் போகிற வருஷத்தில், உத்தரவாதமே தரைமட்டத்தில் கிடக்கும். இழப்பீடு யாருக்குக் கிடைக்கும்? இதைக் குள்ளமணியிடம் பொறுமையாகச் சொல். அவன்தான் இந்த யோசனையைக் கிளப்பியிருப்பான் என்று எனக்குத் தெரியும், மறைக்காதே.

உனக்குப் பழைய கதை பிடிக்கும் என்பதால் ஒன்று சொல்கிறேன். அந்தக் காலத்தில் விளைச்சலைக் கண்ணால் பார்த்துத்தான் எழுதினார்கள். பதினாறு அணா என்றால் முழு விளைச்சல், எட்டணா என்றால் பாதி. 1920களில் ஹப்பாக் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி பீகார், ஒரிசா பக்கம் நெல் வயல்களில் குருட்டாம்போக்காக இடம் தேர்ந்து அறுத்து எடை பார்த்தார். பிறகு வங்காளத்தில் மகலனோபிஸ் அதைப் பெரிய அளவில் செய்தார். கல்கத்தாவில் 1931-ல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினாரே, அவர்தான். அவர் சின்னத் துண்டாக நிறைய இடங்களில் வெட்டலாம் என்றார். சுகாத்மே என்ற இன்னொரு பெரிய புள்ளியியலாளர், சின்னத் துண்டு விளைச்சலைக் கூட்டிக் காட்டும், பெரிய துண்டாக வெட்டு என்றார். 1940களில் இருவருக்கும் நல்ல மல்லுக்கட்டு.

யார் சொன்னது சரி என்று நீயே கயிறு கட்டிப் பார்க்கலாம். சின்னத் துண்டுக்கு 60 சென்டிமீட்டர் ஆரத்தில் வட்டம் போடு. ஓரத்து நெற்குத்துகளையும் சேர்த்துக்கொண்டதில் வட்டம் சுற்றிலும் 10 சென்டிமீட்டர் அகன்றுவிட்டது என்று வை. பரப்பு 36 சதவீதம் கூடிவிடும். இப்போது நெல்லுக்கு வெட்டுகிற 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரத்தில் அதே 10 சென்டிமீட்டர் நாலு பக்கமும் தள்ளிப் போனால் கூடுவது 8 சதவீதம்தான். அறுக்கிற கை எப்போதும் ஓரத்துக் குத்தை உள்ளே இழுக்கத்தான் பார்க்கும், வெளியே தள்ளாது. அதனால் பிசகு எப்போதும் ஒரே பக்கம் சாயும்.

அந்த 8 சதவீதமும் சின்ன விஷயம் இல்லை. 25 சதுர மீட்டரில் ஒரு கிலோ கூடினால் ஏக்கருக்கு 162 கிலோ கூடும். கிட்டத்தட்ட மூன்று மூட்டை. ஆகவே அறுவடைப் பரிசோதனை நடக்கும்போது நீ கூட நில். வயலின் தென்மேற்கு மூலையிலிருந்து அளக்கிறார்களா, குலுக்கல் எண் எதுவோ அதுபடி முளை அடிக்கிறார்களா என்று பார். சதுரம் சதுரமாகத்தான் இருக்கிறதா என்பதற்கு மூலைக்கு மூலை கயிறு பிடித்தால் 7.07 மீட்டர் வர வேண்டும். கயிற்றின் மேலேயே நிற்கிற குத்து என்றால், அடி உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று குனிந்து பார்க்கச் சொல். அறுத்து, அடித்து, தூற்றி, எடை போடுகிறவரை நகராதே.

உன் பஞ்சகவ்யா பெருமையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தெளித்த வயலில் நாலு மூட்டை கூட என்றாய். தெளித்தது எந்த வயல்? வாய்க்கால் ஓரத்து மூணு மா தானே? அங்கே உங்கள் அப்பா காலத்திலிருந்தே நன்றாகத்தான் விளைகிறது! பஞ்சகவ்யா விளைவித்ததா, தண்ணீர் விளைவித்ததா என்று இதிலிருந்து சொல்லவே முடியாது. இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட் பண்ணையில் 1919-ல் சேர்ந்த ஃபிஷர் இதற்குத்தான் வழி சொன்னார். ஒரே வயலை ஜோடி ஜோடியாகப் பாத்தி பிரி. ஒவ்வொரு ஜோடியிலும் எதற்குத் தெளிப்பது என்பதைக் காசு சுண்டி முடிவு செய். நீ யோசித்து முடிவு செய்யாதே, உன் கை உனக்குப் பிடித்த பாத்திக்குத்தான் போகும். மற்றதெல்லாம், உரம், களை, தண்ணீர், இரண்டுக்கும் ஒன்றுபோல் இருக்கட்டும். தனித்தனியாக அறுத்து எடை போடு. பத்து ஜோடி பாத்தியில் எட்டு ஒன்பது ஜோடி ஒரே பக்கம் பேசினால், நானே ஊர் ஊராகப் போய் உன் பஞ்சகவ்யாவைப் பற்றிச் சொல்கிறேன். மனசாரத்தான் சொல்கிறேன்.

இப்போது செய்ய வேண்டியது: போன தையில் நடந்த அறுவடைப் பரிசோதனையின் படிவங்களுக்கு நகல் கேட்டு விண்ணப்பம் போடு. கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேள். குலுக்கலில் வந்த சர்வே எண் எது, உண்மையில் அறுத்த சர்வே எண் எது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுது. காய்ந்த வயல்களை நீங்கள் எடுத்த போட்டோ இருந்தால் தேதியோடு சேர். எல்லாவற்றையும் எனக்கு அனுப்பு, மனுவை நான் எழுதித் தருகிறேன். சங்கக் கூட்டம் எப்போது என்று சொன்னால் நானும் பஸ் ஏறி வந்துவிடுகிறேன். அதுவரை குள்ளமணியை மைக் பக்கம் விடாதே.

அன்புடன்,
சுந்தரம்