கோஷரி என்றால் திமிர் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் சொல் விளக்கப் பகுதியில் 'கோஷரி' (gaucherie) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'அவமரியாதை' என்று பொருள் போட்டு, எல்லோர் முன்னிலையிலும் ஊழியரைத் திட்டித் தீர்த்த மேலாளர் ஒருவரை உதாரணம் காட்டியிருந்தீர்கள். மொழிபெயர்ப்பிலேயே காலம் தள்ளுகிறவள் நான். படித்ததிலிருந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த மேலாளர் செய்தது அடாவடி. திட்டினால் அந்த ஊழியருக்கு எங்கே வலிக்கும் என்று தெரிந்தேதான் திட்டினார். கோஷரியில் அந்தக் கெட்ட எண்ணம் கிடையாது. பக்குவம்தான் கிடையாது.

என் கதையையே சொல்கிறேன். உடம்பு முடியாமல் படுத்திருந்த மாமா ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். தைரியம் சொல்லும் ஆசையில், "எங்க பெரியப்பாவுக்கும் இதே நோய்தான் மாமா, இதே மருந்துதான் கொடுத்தாங்க, எவ்வளவு தெம்பா இருந்தார் தெரியுமா" என்று ஆரம்பித்துவிட்டேன். மாமா ஆர்வமாகத் தலையைத் தூக்கி, "இப்ப எப்படி இருக்கார்?" என்றார். பெரியப்பா போய்ச் சேர்ந்து அப்போதே நாலு வருடம். திறந்த வாயை மூடவும் தெரியவில்லை, பேசவும் தெரியவில்லை. பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த அத்தையின் கை அப்படியே நின்றது. கடைசியில் மாமாதான், "அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைச்சுட்டு உட்காரும்மா" என்று என்னைக் கரையேற்றினார். நான் செய்தேனே, அதற்குப் பெயர்தான் கோஷரி. மாமா செய்தது அதற்கு நேர் எதிர்.

சொல் பிறந்த இடத்தைப் பார்த்தாலும் இது விளங்கும். பிரெஞ்சில் 'கோஷ்' என்றால் இடது. பழகாத கையால் கையெழுத்துப் போட்டால் எப்படிக் கோணிக்கொண்டு போகுமோ, அந்தக் கோணல்தான் நடத்தைக்கும் பெயராயிற்று. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் இதைக் கடன் வாங்கியது. இதே பொருளில் வரும் 'மாலட்ராய்ட்' (maladroit) என்ற சொல்லிலும் 'வலது' ஒளிந்திருக்கிறது: வலப்பக்கம் சரியாக வராதது என்று வைத்துக்கொள்ளலாம். 'சினிஸ்டர்' லத்தீனில் வெறும் இடது. ஆங்கிலத்தில் அது கெடுநோக்கு. (என் தம்பி இடக்கைக்காரன். இதையெல்லாம் அவனிடம் சொன்னால் ஒரு வாரம் பேச மாட்டான்.) இடதுசாரி அரசியலுக்கும் கோஷரிக்கும் சம்பந்தமில்லை. அந்த 'இடது' 1789இல் பிரெஞ்சு தேசிய சபையில் யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள் என்பதிலிருந்து வந்தது.

பயன்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இது எழுத்தில் வரும் சொல். பேச்சில் 'டாக்ட்லெஸ்' (tactless, பக்குவமாக நடக்கத் தெரியாத) என்று முடித்துவிடுவார்கள். குணத்தையும் குறிக்கும், அப்படிப்பட்ட ஒரு தனிச் செயலையும் குறிக்கும். செயல் என்றால் பன்மையும் உண்டு. பேச்சில் மட்டுமல்ல, வளர்ந்த பையன் ஒருவன் பெரியவர்கள் கூட்டத்தில் கையைக் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நெளிவானே, அதுவும் இதில் அடங்கும். ஒன்றும் தெரியாதவர் போல முகத்தை வைத்துக்கொண்டு வேண்டுமென்றே குத்திக்காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தச் சொல்லைக் கொடுப்பது சலுகை.

சரி, தமிழில் என்ன சொல்வது? என் ஓட்டு 'இங்கிதமின்மை'க்கு. 'நாசூக்கு தெரியாதது' என்றும் சொல்லலாம், ஆனால் நாசூக்கு கொஞ்சம் மேல்பூச்சு வாசனை அடிக்கிற சொல். இங்கிதம் என்ற வடசொல்லின் முதற்பொருள், உள்ளத்தில் இருப்பதை வெளியே காட்டிக்கொடுக்கும் குறிப்பு. ஆக, இங்கிதம் தெரியாதவர் என்றால் எதிரில் இருப்பவரின் முகத்தைப் படிக்கத் தெரியாதவர். திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்ற ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் உண்டு. 71ஆவது அரசனின் அருகில் இருப்பவர்களுக்கு, 110ஆவது காதலர்களுக்கு. அவையிலும் காதலிலும் வேலை ஒன்றுதான் என்று வள்ளுவர் நினைத்தார் போலிருக்கிறது. பிரெஞ்சுக்காரர் குறையைக் கையில் வைத்தார். ஆங்கிலத்தின் 'டாக்ட்' லத்தீனில் 'தொடுதல்'. அதுவும் விரல் நுனி விஷயம். நாமோ அதைக் கண்ணில் வைத்திருக்கிறோம். அன்றைக்கு மாமாவின் முகத்தைப் பார்க்காமல் என் பெரியப்பாவையே நினைத்துக்கொண்டிருந்ததுதான் என் தப்பு. அதனால்தான் எனக்கு 'இங்கிதமின்மை' பொருத்தமாகப் படுகிறது.

அப்புறம், அதே பகுதியில் உச்சரிப்பை 'காச்சரி' என்று அச்சிட்டிருந்தீர்கள். படித்துவிட்டு யாராவது நாலு பேர் நடுவில் அப்படிச் சொல்லிவைத்தால், அந்தச் சொல்லின் பொருளை அவரே நடித்துக் காட்டியதாகிவிடும். அடுத்த இதழில் திருத்தம் போடும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மொழிபெயர்ப்பாளர் ஒருவர்