பேரனின் கபடியும் பத்துத் திறன்களும்

பாளையங்கோட்டை

அன்புள்ள அண்ணாச்சி அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. மதினிக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது என்பதில் மிக்க மகிழ்ச்சி. இங்கே அனைவரும் நலம்.

பேரன் சில மாதங்களாக ஜிம்முக்குப் போய் உடம்பை நன்றாக ஏற்றியிருந்தும், கபடியில் பாடிப் போனால் முதல் பிடியிலேயே மாட்டிக்கொள்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். அவன் உழைப்பில் குறை இல்லை, அண்ணாச்சி. உழைப்பு முழுவதும் ஒரே திறனில் போய்ச் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

உடல்திறனைப் பத்தாகப் பிரிக்கும் வகைப்பாடு ஒன்று உண்டு. ஜிம் கிராலி, புரூஸ் எவன்ஸ் என்ற இருவர் வகுத்த அதனை 2002-இல் கிராஸ்ஃபிட் என்ற உடற்பயிற்சி முறைக்காரர்கள் பரவலாக்கினார்கள். இதய, நுரையீரல் தாங்குதிறன், தசைத் தாக்குப்பிடிப்பு, வலிமை, நெகிழ்வு ஆகிய நான்கும் உடம்பையே மாற்றும் பயிற்சியால் வருபவை. ஒத்திசைவு, சுறுசுறுப்பு, சமநிலை, துல்லியம் ஆகிய நான்கும் நரம்புகள் பழகப் பழக வருபவை. வேகத்துக்கும், வலிமையைச் சட்டென்று வெளிப்படுத்தும் வெடிப்பாற்றலுக்கும் இரண்டும் வேண்டும். பேரன் முதல் நான்கில் வலிமை ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட்டான்.

ஒரு ரெய்டை, அதாவது ஒருமுறை பாடிப் போவதை, மட்டும் எண்ணிப் பாருங்கள். முப்பது விநாடிக்குள், மூச்சு விடாமல் பாடிக்கொண்டு, நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டர் தள்ளியுள்ள கோட்டின் பக்கம் போகிறான். எதிரணியின் ஓரத்தில், கார்னரில், நிற்பவனின் பாதத்தைத் தொட ஒரு காலை நீட்டும் அந்த நொடியில் உடம்பின் பாரம் முழுவதும் மற்றொரு காலில் நிற்கிறது. அங்கே சமநிலை இல்லையென்றால், எவ்வளவு எடை தூக்கும் தொடையாக இருந்தாலும் கணுக்கால் எதிராளியின் கைக்குள் போய்விடும். பிடி விழுந்த பிறகுதான் வலிமைக்கு வேலை; அதுவும் மெதுவாகத் தள்ளும் வலிமை போதாது, ஒரே உதறலில் நடுக்கோட்டை எட்டும் வெடிப்பாற்றல் வேண்டும். பக்கத்து மணத்தியிலிருந்து போய், 1994-இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடிய கணேசன் பிறந்த மண்ணில் இதைத் தங்களுக்கு நான் விளக்குவது அதிகப்பிரசங்கித்தனம்தான், பேரனுக்காக எழுதுகிறேன்.

காலையில் ஓடுவதை அவன் வீண் என்கிறானாம். அப்படியல்ல. ஒரு உதறலுக்கும் பாய்ச்சலுக்கும் தசை தன்னுள் சேர்த்துவைத்திருக்கும் ஆற்றல் ஏறக்குறைய பத்து விநாடிக்கே வரும். அது மீண்டும் நிரம்பச் சில நிமிடங்கள் ஆகும். அதை நிரப்பிக் கொடுப்பது இரத்தம் கொண்டுவரும் பிராணவாயு. நாற்பது நிமிட ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் எழுந்து நிற்பவன், பெரும்பாலும் காலையில் ஓடியவன்.

வரிசையும் முக்கியம். நரம்பு பழகவேண்டிய வேலையைக் களைப்பில் செய்தால் தவறான அசைவே பழகிப்போகும். ஆகவே காலடி, திரும்பல், தொடுதல் ஆகியவற்றை உடம்பு புதிதாக இருக்கும்போது முதலில் முடித்துவிட்டு, எடையைக் கடைசியில் தூக்கச் சொல்லுங்கள். நம் ஊர்ச் சிலம்ப ஆசான்கள் கம்பைக் கையில் கொடுக்கும் முன் காலடியைப் பழக்குவதற்கும் காரணம் இதுவாகவே இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். பக்கத்தில் ஆசான் எவரேனும் இருந்தால் ஜிம் கட்டணத்தில் பாதியை அங்கே கட்டலாம்.

தங்களுக்கும் ஒரு சொல். வயதாகும்போது வலிமையைவிட வெடிப்பாற்றல் விரைவாகக் குறைகிறது. தடுக்கினால் காலைச் சட்டென்று முன்வைத்து நிற்க முடியாமல் போவது அதனால்தான். 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் மூன்று நாளேனும் சமநிலையும் வலிமையும் சேர்ந்த பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பரிந்துரைத்தது. நடை மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். சுவரைப் பிடித்தபடி ஒற்றைக்காலில் நின்று பழகுங்கள். மதினியும் உடன் நிற்கட்டும்.

ஆனித் தேரோட்டத்துக்கு வரும்போது பேரனையும் அழைத்து வாருங்கள். அவன் கால் வைக்கும் விதத்தை நேரில் பார்த்தால் இன்னும் தெளிவாகச் சொல்ல முடியும்.

என்றும் அன்புடன்,
தங்கள் தம்பி
சங்கரன்