நீ அனுப்பிய வீடியோக்களைப் பார்த்தேன், மகள்

விசுவமடு

அன்புள்ள மகளுக்கு,

நானும் அம்மாவும் நல்ல சுகம். நீயும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் சுகமாய் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். காலபோக அறுவடை முடிந்து நெல் வீட்டுக்கு வந்துவிட்டது. அம்மா பனங்கிழங்கு அவித்துக் காயவைத்துப் புழுக்கொடியல் எடுத்து வைத்திருக்கிறார். கனடாவுக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுவோம்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பிடரியும் நாரியும் பிடித்துக்கொண்டு காலையில் கட்டிலால் எழும்பவே கஷ்டமாய் இருக்கிறது என்று சொன்னாய். ஸ்ட்ரெச்சிங் வீடியோக்கள் கொஞ்சத்தை வட்ஸ்அப்பில் அனுப்பி, "அப்பா, எதில் தொடங்கலாம்?" என்று கேட்டாய். எல்லாவற்றையும் தொடக்கம் முதல் முடிவு வரை பார்த்தேன். போனில் சொன்னால் பிள்ளைகளின் சத்தத்தில் பாதிதான் உனக்குக் கேட்கும். உடற்கல்வி படிப்பித்து ஓய்வு பெற்ற அப்பனிடம் பிள்ளை இப்படி ஒன்றைக் கேட்டால் ஒரு வரியில் பதில் சொல்லவும் மனம் வராது. அதனால் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

கடற்கரையில் ஒரு பெண் இரண்டு கால்களையும் ஒரே கோட்டில் விரித்து இருக்கிறாரே, அந்த வீடியோவை முதலில் விடு. அவர் திறமைசாலி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வீடியோ முடியும் வரைக்கும் "இது வராவிட்டால் இப்படிச் செய்யுங்கள்" என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. தலைப்பில் "தொடங்குபவர்களுக்கு" என்று போட்டிருக்கிறார்கள். அந்தச் சொல்லை யாரும் போடலாம். அதற்குப் பரீட்சையும் இல்லை, சான்றிதழும் இல்லை. எத்தனை லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள் என்பதையும் கணக்கில் எடுக்காதே.

ஒரு வீடியோவில் நான் முதலில் தேடுவது, முடியாதவருக்கு அந்த ஆசிரியர் என்ன சொல்கிறார் என்பதைத்தான். அது இல்லாவிட்டால் மிச்சம் எவ்வளவு அழகாய் இருந்தாலும் அந்த வீடியோ உனக்கு வேண்டாம்.

நீ அனுப்பியதில் நரைத்த தலைமுடியோடு ஒரு அம்மா கதிரை வைத்துச் செய்து காட்டுவாரே, அவர் தன்னை இயன்மருத்துவர், அதாவது பிசியோதெரபிஸ்ட், என்று அறிமுகப்படுத்துகிறார். தொடங்கும் முன் கதிரையின் முதுகைச் சுவரோடு முட்டவைத்து, அது வழுக்காது என்று அசைத்துக் காட்டினார். அந்த ஒன்றிலேயே எனக்கு அவர் மேல் மதிப்பு வந்துவிட்டது. பிறகு கையை உயர்த்தும் கட்டம் வந்தபோது, தோளில் நோ உள்ளவர்கள் விரல் நுனியைத் தோளில் வைத்து முழங்கையை மட்டும் உயர்த்துங்கள் என்று சொல்லி அதையும் செய்து காட்டினார்.

அந்த நேரம் அம்மா குசினி வாசலில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவருடைய இடது தோள் உனக்குத் தெரியும். 2009 இல் பட்ட ஷெல் துண்டு இன்னும் உள்ளேதான் கிடக்கிறது. எடுக்கப் போனால் நரம்புக்கு ஆபத்து என்று டொக்டர்மார் விட்டுவிட்டார்கள். அந்தக் கை காதுக்கு மேலே போகாது. இதுவரைக்கும் எந்தப் பயிற்சியைப் போட்டாலும், "இரண்டு கைகளையும் காதோடு ஒட்டி உயர்த்துங்கள்" என்றவுடன் அம்மா எழும்பிப் போய்விடுவார். இந்த முறை நான் ஆங்கிலத்தைத் தமிழில் சொல்லச் சொல்ல, கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, விரலைத் தோளில் வைத்து முழங்கையை மெல்ல உயர்த்தினார். முழங்கை முகத்துக்கு நேரே வந்தது. அங்கே நிறுத்தி மூச்சு விட்டார். "இது என்னால் ஏலும்" என்றார். இப்போது பக்கத்து வளவு அக்காவும் பின்னேரத்தில் எங்கள் விறாந்தைக்கு வருகிறார். ஒரு கால் பொய்க்கால். அவர் கதிரையில் இருந்தபடி மேல் உடம்புக்கு மட்டும் செய்கிறார். வன்னியில் இப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள், மகள். "இரண்டு காலிலும் நேராக நில்லுங்கள்" என்று தொடங்குகிற வீடியோ இவர்களைக் கண்டதே இல்லை.

உனக்கு இப்படி ஒன்றுமில்லைத்தான். ஆனால் பள்ளிக்கூடம் விட்ட பிறகு நீ குனிந்து நிமிர்ந்து விளையாடியதில்லை. நாள் முழுக்கக் கொம்பியூட்டருக்கு முன்னால் இருக்கிறாய், இரவில் சின்னவனைத் தூக்கிச் சுமக்கிறாய். உனக்கும் உன் உடம்பைக் கண்டுகொள்கிற ஆசிரியர்தான் வேண்டும்.

காரணத்தையும் சொல்கிறேன், தெரிந்து செய்தால் பயம் இருக்காது. தசைக்குள்ளே அதன் நீளத்தை உணர்கிற நுண்ணிய உறுப்புகள் இருக்கின்றன. சடாரென்று இழுத்தால் அவை முண்ணாணுக்குச் செய்தி அனுப்பும், உடனே அந்தத் தசை தன்னைக் காப்பாற்ற இறுகிக்கொள்ளும். இல்ல மெய்வல்லுநர் போட்டியில் நூறு மீற்றர் ஓட நிற்கிற பிள்ளைகள் குனிந்து துள்ளித் துள்ளிக் கால்விரலைத் தொடுவார்கள். நான் பின்னால் நின்று "துள்ளாதே, துள்ளாதே" என்று கத்துவது உனக்கு ஞாபகம் இருக்கும். தளர்த்த நினைத்துத் தசையை இறுக்குகிற வேலை அது. மெல்லப் போய், இலேசாக இழுக்கிற இடத்தில் நின்று, மூச்சை அடக்காமல் விட்டுக்கொண்டிருந்தால் அந்த இறுக்கம் தானாகக் குறையும். ஆகவே வீடியோவில் ஆசிரியர் ஒரு நிலையில் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று பார். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி வளர்ந்தவர்களுக்குச் சொல்வது 10 முதல் 30 செக்கன், எங்களைப் போல வயது போனவர்களுக்கு 30 முதல் 60 செக்கன். கிழமைக்கு இரண்டு மூன்று நாளாவது செய்ய வேண்டும், ஒவ்வொரு நாளும் செய்தால் இன்னும் நல்லது. ஐந்து செக்கனுக்கு ஒருதரம் அடுத்ததற்குத் தாவுகிற வீடியோ பார்ப்பதற்காக எடுத்தது, செய்வதற்கு உதவாது.

முதல் சில கிழமைகளில் உன் கை கொஞ்சம் கூடக் கீழே போகும். தசை நீண்டுவிட்டது என்று நினைத்துவிடாதே. பெரும்பாலும் அந்த இழுவையைப் பொறுக்க உன் நரம்பு பழகியிருக்கிறது, அவ்வளவுதான். அதனால் அவசரப்பட்டு அடுத்த நிலை வீடியோவுக்குப் போகாமல் அதிலேயே நில்.

நல்ல வீடியோ நேரே நீட்டலில் தொடங்காது. இரண்டு மூன்று நிமிடமாவது நின்ற இடத்தில் நடக்க வைக்கும், தோளைச் சுழற்ற வைக்கும், கையை வீச வைக்கும். மழை காணாத வயலில் கலப்பை இறங்காது என்பது உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அங்கே பனி கொட்டுகிற நேரம், வீட்டுக்குள் சூடு போட்டிருந்தாலும் உடம்பு விறைத்துத்தான் இருக்கும். வீடியோவில் அந்தப் பகுதி இல்லாவிட்டால் நீயே ஐந்து நிமிடம் வீட்டுக்குள் நடந்துவிட்டுத் தொடங்கு.

இன்னொன்று. காலையில் கண் விழித்தவுடன் செய்யும் வீடியோ என்று ஒன்று அனுப்பியிருந்தாய். கட்டிலால் இறங்கியதும் குனிந்து தரையைத் தொட வைக்கிறார்கள். நாரிப்பிடிப்பு இருக்கிற உனக்கு அது வேண்டாம். இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் நீர் ஊறிப் பருத்திருக்கும். எழும்பி முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் ஆழமாகக் குனிந்தால் அவற்றில் அழுத்தம் கூட. முகம் கழுவி, தேத்தண்ணி குடித்து, பிள்ளைகளை அனுப்பிவிட்டுச் செய். அல்லது வேலை முடிந்த பின்னேரத்தில் செய்.

பின்தொடை இறுக்கத்துக்கு நின்று குனிவதைவிட, மல்லாந்து படுத்து ஒரு துவாயைப் பாதத்தில் கொழுவி, முழங்காலைச் சற்று மடித்தபடி காலை உயர்த்துவது உன் நாரிக்குப் பாதுகாப்பு. அப்படிக் காட்டுகிற வீடியோவைத் தேடு. நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன், நாள் முழுக்க இருந்து வேலை செய்பவர்களுக்கு இடுப்பின் முன்பக்கமும் நெஞ்சும்தான் கூடச் சுருங்கும். கதவு நிலையில் இரண்டு முன்னங்கைகளையும் வைத்து ஒரு அடி முன்னே வைத்தால் நெஞ்சு விரியும். பிடரிக்கு, நாடியை மெல்ல உள்ளே இழுப்பதும் காதைத் தோள் பக்கம் சாய்ப்பதும் போதும். தலையை முழு வட்டமாய்ச் சுழற்றுகிற வீடியோ ஒன்றும் உன் பட்டியலில் இருந்தது. தொடங்குகிறவர்களுக்கு அதை நான் ஒருநாளும் கொடுத்ததில்லை.

"ஏழு நாளில் ஸ்பிளிட்", "பத்து நிமிடத்தில் வயிறு கரையும்" என்று முகப்பில் எழுதியிருந்தால் திறக்கவே வேண்டாம். நீட்டல் பயிற்சி வயிற்றுக் கொழுப்பைக் கரைக்காது. கொழுப்பு நாங்கள் சொல்கிற இடத்தில் மட்டும் கரைவதுமில்லை. உடம்பு இலேசாகும், அசைவு கூடும், மனம் ஆறும். இதை வைத்து நடையை விட்டுவிடவும் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டலில் வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது. நான் உடையார்கட்டுக் குளக்கட்டில் நடக்கிறேன். நீ பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டாவது வெளியே இறங்கு.

வயலில் முறிகிறவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று இங்கே கேட்பார்கள். நான் அதை ஏற்பதில்லை. கச்சான் பிடுங்குகிறவர்கள் விடிந்தது முதல் ஒரே பக்கமாய்க் குனிந்துதான் நிற்கிறார்கள். பின்னேரம் நிமிரும்போது நாரியில் கையை ஊன்றிக்கொண்டுதான் நிமிர்கிறார்கள். நீ கதிரையில், அவர்கள் வரப்பில். இருவருக்கும் ஒரே பக்கமாய் மடிந்த உடம்பு.

ஒரு வீடியோவைத் தெரிந்தெடுத்தால் முதல் தடவை செய்யாமல் இருந்து பார். அடுத்த அசைவை முன்கூட்டியே வாயால் சொல்கிறாரா, திரையைப் பார்க்காமலே உன்னால் செய்ய முடியுமா என்று கவனி. ஒவ்வொரு நிலைக்கும் கழுத்தைத் திருப்பித் திரையைப் பார்க்க வைத்தால் அந்தப் பிடரிதான் இன்னும் பிடிக்கும். இடப்பக்கத்துக்குக் கொடுத்த நேரத்தை வலப்பக்கத்துக்கும் கொடுக்கிறாரா, இழுவைக்கும் நோவுக்கும் வித்தியாசம் சொல்கிறாரா என்றும் பார். பத்துப் பதினைந்து நிமிட வீடியோ உனக்குக் காணும். வேகமாய்ப் போனால் யூடியூப்பில் வேகத்தைக் குறைக்கலாம். தானாக அடுத்தது ஓடுவதை நிறுத்திவை, இல்லாவிட்டால் உன்னுடையது முடிந்ததும் கஷ்டமான வேறொன்று ஓடத் தொடங்கும், நீயும் பின்னாலே போவாய்.

நாரியில் இருந்து காலுக்கு மின்சாரம் அடித்தாற்போல் நோ இறங்கினாலோ, விரல் விறைத்தாலோ, தலை சுற்றினாலோ அந்த இடத்திலேயே நிறுத்து. காலில் பலம் குறைந்தாலோ சலம் போவதில் மாற்றம் இருந்தாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ. உன்னுடைய பிடிப்பு ஒரு மாதத்துக்கு மேலாகவே இருக்கிறது, அதனால் தொடங்கும் முன் குடும்ப டொக்டரிடம் ஒரு தடவை காட்டு. ஒன்ராறியோவில் இயன்மருத்துவர் என்று பெயர் போட்டுக்கொள்ளப் பதிவு வேண்டும், சட்டம் இருக்கிறது. வீடியோவில் வருகிறவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒருமுறை நேரில் போய் உன் உடம்பைக் காட்டி, எதைச் செய்யலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வந்தால், வீடியோ தேடுவதும் பாதி சுலபம். காசைப் பார்க்காதே, மகள்.

என் எண்ணத்தில் நீ கதிரை அம்மாவின் வீடியோவில் தொடங்கு. வயது போனவர்களுக்கு உரியது என்று நினைக்காதே. டொக்டர் வேறு ஏதாவது சொன்னால் அதன்படி செய். ஒரு கிழமை செய்துவிட்டு, எந்த அசைவில் எங்கே இழுக்கிறது, எங்கே நோகிறது என்று எழுதி அனுப்பு. நான் வீடியோவை மறுபடியும் பார்த்து, எதை விடலாம், எதைக் கூட்டலாம் என்று சொல்கிறேன். அவருடைய வேறு வீடியோக்கள் இருந்தால் அம்மாவுக்கும் அனுப்பிவிடு. கீழ் உடம்புக்கு உள்ளதாய் ஒன்று வேண்டுமாம், முழங்கால் சில்லு மாரிக்குப் பிறகு கொஞ்சம் உளைகிறது.

அன்புடன்,
அப்பா